ஸ்கிரீன் போன பழைய லேப்டாப்பை டெஸ்க்டாப்பாக மாற்ற முடியுமா?

கேள்வி: பத்து வருஷப் பழைய லேப்டாப் இருக்கிறது. ஸ்கிரீன் உடைந்துவிட்டது, மற்றபடி ஓடுகிறது. வாடகை வீட்டில் பெரிய கம்ப்யூட்டர் வைக்க இடமில்லை. இதையே மானிட்டரில் இணைத்து டெஸ்க்டாப் மாதிரி வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்: பேட்டரி.

என்னுடையது 2014இல் வாங்கியது. 14 அங்குலம், நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசர், 4 ஜிபி ராம். இடது பக்கக் கீல் பெயர்ந்து ஸ்கிரீனில் பாதி கறுத்துப்போனதால் பீரோ மேல் ஏற்றிவிட்டேன். அப்பா ரிட்டயர் ஆகி எங்களோடு வந்து தங்கிய பிறகுதான் அதற்கு மறுபடி வேலை வந்தது. ஊர்க் கோயிலைப் பற்றி நாலு நோட்டு நிறைய குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். அதையெல்லாம் டைப் செய்ய வேண்டும் என்றார். வீட்டில் இருப்பது இரண்டு அறை. காலியாக இருந்த ஒரே இடம் ஹாலில் சுவரோடு சேர்ந்த கடப்பா கல் அலமாரியில் ஒரு தட்டு.

பீரோ மேலிருந்து இறக்கித் துடைக்கும்போதுதான் கவனித்தேன். டச்பேட் ஒரு பக்கமாக மேலே தூக்கிக்கொண்டிருந்தது. மேஜையில் வைத்தால் நாலு காலும் படியவில்லை, லேசாக ஆடியது. அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால் பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது. உங்கள் லேப்டாப்பிலும் டச்பேட் தூக்கியிருந்தாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ சார்ஜரைச் செருகவே வேண்டாம். உப்பிய பேட்டரியை அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, கத்தியை விட்டு நெம்பக் கூடாது. உள்ளே இருப்பது லித்தியம், குத்தினால் தீப்பிடிக்கும். பசையால் ஒட்டி வைத்த பேட்டரியாக இருந்தால் சர்வீஸ் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். என்னுடையது நாலு ஸ்குரூவில் நின்றதால் கனெக்டரைப் பிடுங்கி எடுத்துவிட்டேன். குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குபவர்களிடம் கொடுங்கள். குப்பை வண்டியில் நசுங்கினாலும் அதே ஆபத்துதான்.

பேட்டரி நன்றாக இருந்தாலும், நாள் முழுக்க சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப்பில் அது 100 சதவீதத்திலேயே நின்று, சூட்டிலும் வெந்துகொண்டிருக்கும். சீக்கிரம் கெடுவதற்கு அதுவே போதும். பல மாடல்களில் பயாஸிலோ (விண்டோஸ் திறக்கும் முன் வரும் அடிப்படை செட்டிங் பகுதி) கம்பெனியின் சொந்த மென்பொருளிலோ 60 அல்லது 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி உண்டு. அதை இன்றைக்கே போட்டுவிடுங்கள். நல்ல பேட்டரியைக் கழற்ற வேண்டியதில்லை. கரண்ட் போனால் அதுதான் உங்களுக்கு யூபிஎஸ். மானிட்டர் அணைந்தாலும் திறந்திருக்கும் ஃபைல் போகாது.

பேட்டரி இல்லாமலும் பெரும்பாலான லேப்டாப்கள் சார்ஜரில் ஓடும். சில மாடல்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். எனக்கு வந்த தொல்லை வேறு. ஒவ்வொரு முறை ஸ்விட்சை அணைத்துப் போடும்போதும் தேதி பல வருஷம் பின்னால் போய் நிற்கும். தேதி தப்பாக இருப்பதால் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கை வரும். போர்டில் இருக்கும் சின்ன வட்ட பேட்டரி தீர்ந்துபோனதுதான் காரணம். அதை மாற்றியதும் சரியாகிவிட்டது.

காசு செலவழிக்கும் முன் வீட்டு டிவியிலேயே சோதித்துப் பாருங்கள். எச்டிஎம்ஐ ஒயரைச் செருகினால் படம் பெரும்பாலும் தானே வந்துவிடும். வராவிட்டால் விண்டோஸ் விசையோடு பி-யை அழுத்துங்கள். அரை மணி நேரம் தடங்கல் இல்லாமல் ஓடினால் அப்புறம் மானிட்டர் பற்றி யோசிக்கலாம். அந்தக் காலத்து லேப்டாப்பில் முழு எச்டி நன்றாக வரும். 4கே மானிட்டருக்கு ஆசைப்படாதீர்கள், எச்டிஎம்ஐ ஒயரில் நொடிக்கு 30 காட்சிக்கு மேல் போகாது, மௌஸ் நகர்வதே இழுத்துக்கொண்டு தெரியும்.

உடைந்த ஸ்கிரீனை மொத்தமாகக் கழற்றிவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். நானும் கழற்றப் போனேன். கீல் வழியாகக் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஒயர் மேலே போவதைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டேன். வைஃபை ஆண்டெனா ஸ்கிரீன் மூடிக்குள்தான் இருக்கும். மூடியைத் தூக்கிப் போட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும், பக்கத்து அறை ரவுட்டரே எட்டாது. நீங்கள் லேன் கேபிள் போடுவதாக இருந்தால் கழற்றலாம். இல்லையென்றால் மூடி அப்படியே இருக்கட்டும்.

மூடியபடி ஓட வேண்டுமானால் பவர் செட்டிங்கில், மூடியை மூடினால் என்ன செய்வது என்ற இடத்தில் 'எதுவும் செய்யாதே' என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் மூடிய நொடியே தூங்கிவிடும்.

இடம் மிச்சமாவது நிற்க வைப்பதில்தான் இருக்கிறது. படுக்க வைத்தால் மேஜையில் பாதியை அடைக்கும். புத்தகம் மாதிரி நிறுத்தினால் இரண்டு விரல் அகலம் போதும். காற்று இழுக்கும் ஓட்டை அடிப்பக்கத்தில் இருப்பதால் அந்தப் பக்கம் சுவரை ஒட்டக் கூடாது, நாலு விரல் இடைவெளி விடுங்கள். எனக்குச் சூடான காற்று கீல் பக்கமாக வெளியேறுவதால் அதை மேலே பார்த்தபடி வைத்திருக்கிறேன். தட்டு நிறுத்தி வைக்கும் மர ஸ்டாண்டுதான் தாங்கி. அதற்கு முன் ஃபேனைச் சுத்தம் செய்து, சிப்பின் மேல் காய்ந்து பொடியாகியிருந்த, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். ஃபேனுக்கும் வெப்பத் தகடுக்கும் நடுவில் தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்திருந்தது. அதை எடுத்த பிறகு இரைச்சலே அடங்கிவிட்டது.

செலவு என்று பார்த்தால், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டிக்குத்தான் முதல் காசு. பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் திறந்து முடிக்க மூன்று நிமிஷம் ஆனது. 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டதும் இருபது வினாடிக்குள் வந்துவிட்டது. ராமை 8 ஜிபி ஆக்கினேன். இரண்டும் சேர்ந்து மூவாயிரத்துக்குள் முடிந்தது.

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இந்த வயசு லேப்டாப்பை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்காது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். அப்பாவுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஆபீசில் தமிழ் டைப்ரைட்டரில் பழகிய கை அவருக்கு. லினக்ஸில் தமிழ்99 என்ற கீபோர்டு முறை மட்டுமல்ல, பழைய தட்டச்சு முறையும் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும், கீபோர்டைப் பார்க்காமலேயே முதல் பக்கத்தை அடித்து முடித்தார். பேட்டரி இல்லாததால் கரண்ட் போனால் எழுதியது போய்விடக் கூடாதே என்று, டைப் செய்யும் மென்பொருளான லிப்ரே ஆபீசில் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை தானே சேமிக்கும்படி வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு அசௌகரியம், பவர் பட்டன் மூடிக்குள் இருப்பது. தினமும் காலையில் மூடியைத் திறந்து அழுத்த வேண்டும். உங்கள் பயாஸில் கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் இல்லை. அதனால் இரவில் அணைக்காமல் தூங்க வைத்துவிடுகிறோம். காலையில் அப்பா வெளியே இணைத்த கீபோர்டில் ஒரு தட்டுத் தட்டினால் எழுந்துகொள்கிறது.