எந்தப் படி?

கேள்வி: மாற்றுத்திறனாளி இளைஞர்களை அரசியலுக்கு வரச்சொல்லி எப்படி ஊக்குவிப்பது?
– கல்லூரி மாணவி, திண்டிவனம்

பதில்: ஊக்கம் அவர்களிடம் நிறையவே இருக்கிறது. 'எப்படி' என்று கேட்டிருக்கிறீர்களே, அதில் கடைசி இரண்டு எழுத்தைப் பாருங்கள். படி. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நம் ஊர்களில் கட்சி அலுவலகம் பெரும்பாலும் மாடியில். கீழே கடை, பக்கவாட்டில் ஒடுங்கிய படி. கூட்டம் கல்யாண மண்டபத்தில் என்றால் வாசலிலேயே ஏழெட்டுப் படி. பொதுக்கூட்ட மேடை என்றால் சவுக்குக் கட்டையில் பலகை அடித்து, பின்பக்கம் ஏணி மாதிரி ஒரு படி. அப்படி ஒரு மேடைக்குக் கீழே நான் உட்கார்ந்திருந்தேன். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் ஓர் இளைஞர் வந்தார். ஆறு வருடமாகக் கட்சியில் இருப்பவர். அவர் வார்டு வாக்காளர் பட்டியல் அவருக்கு மனப்பாடம். பேச அழைத்ததும் நாலு பேர் ஓடிவந்து அவரைத் தூக்கினார்கள். ஒரு கையில் நழுவும் வேட்டி, இன்னொரு கையில் எழுதி வைத்திருந்த தாள். அப்படியே மேலே போனார். கூட்டம் கைதட்டியது. தூக்கியதற்கு விழுந்த கைதட்டல் அது. குடிநீர்க் குழாயைப் பற்றி அவர் அருமையாகப் பேசினார், அதைக் கேட்க ஆளில்லை. எனக்கு இன்னமும் மனசு ஆறவில்லை. பந்தல்காரர் நினைத்தால் பத்து நிமிடத்தில் ஒரு சாய்தளம் போட்டிருப்பார். யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதலமைச்சராகவே சக்கர நாற்காலியில் கோட்டைக்கு வந்தவர் கலைஞர். 2011-இல் ஆட்சி போன பிறகு அவர் அவைக்கு வராததற்கு, சக்கர நாற்காலியோடு அமர வசதியான இடம் தரவில்லை என்பதைத்தான் திமுக காரணமாகச் சொன்னது. அதற்காக அவையில் சண்டையே நடந்தது. ஐந்து முறை முதல்வராக இருந்தவருக்கே அந்த நிலை என்றால், சிபாரிசுக்கு ஆளில்லாத பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

வந்தவர்கள் இல்லாமலில்லை. பார்வையற்ற சாதன் குப்தா 1953-லேயே கல்கத்தா இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குப் போனார். போலியோ பாதித்த ஜெய்பால் ரெட்டி 1969-இல் ஆந்திரச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தபோது வயது 27. பிறகு மத்திய அமைச்சரானார். இவர்களைக் கட்சிகள் வேட்பாளராக நிறுத்தின, மக்கள் ஓட்டுப் போட்டார்கள். நான் கேட்பதும் அதைத்தான்.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழிசெய்யும் மசோதாக்கள் 2025 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் நிறைவேறின. நகர்ப்புற உள்ளாட்சிகளில் அப்போது 35 பேராக இருந்தவர்கள் 650 பேர் ஆவார்கள் என்று அன்று முதல்வர் ஸ்டாலின் கணக்குச் சொன்னார். முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் நியமனத்தைக் காட்டி சீட்டு மறுக்கிற வேலையைக் கட்சிகள் செய்யக் கூடாது. உள்ளாட்சித் தேர்தலில் நிற்க 21 வயது போதும். வார்டை மனப்பாடமாக வைத்திருக்கும் பையனுக்கு அந்த வார்டையே கொடுங்களேன்!

அப்புறம், நான் விடாமல் எழுதிவரும் விஷயம் ஒன்று. அன்று அந்த இளைஞர் மேடையில் இருக்கும்போதே, அடுத்துப் பேசியவர் ஆளுங்கட்சியை 'நொண்டி அரசு' என்றார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. இந்த மாதிரி சொற்களை மேடையிலும் அறிக்கையிலும் தவிர்க்கச் சொல்லி 2023 டிசம்பரிலேயே தேர்தல் ஆணையம் எல்லாக் கட்சிகளுக்கும் அறிவுறுத்தியிருக்கிறது. பேசியவர் எனக்குப் பழைய நண்பர். அன்று இரவே போனில் சொன்னேன். "பேச்சு வழக்குதானே சார், இதையெல்லாம் பெரிசுபண்ணாதீங்க" என்றார். "அந்தப் பையன் முகத்தைப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். இன்றுவரை எங்களுக்குள் பேச்சில்லை. அவர் மன்னிப்புக் கேட்கவேண்டியது என்னிடம் அல்ல.