அமைதிக் கல்வி படித்தால் வேலை கிடைக்குமா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பி.ஏ. வரலாறு இறுதியாண்டில் இருக்கும் மகளை பி.எட். சேரச் சொன்னால், அமைதிக் கல்வி படிக்கப் போகிறேன் என்று பிடிவாதம் பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பல சாதி, பல மதத்து மக்களை ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேசவைக்கும் வேலைக்கு யார் சம்பளம் தருவார்கள், சண்டை நடக்கும் ஊருக்குப் பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது என்று கேட்கிறீர்கள். இரண்டும் பெற்றவர்கள் கேட்கவேண்டிய கேள்விகள்தான். ஆனால் அவள் வேலையே இல்லாத ஒன்றைக் கேட்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்தில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. தேர் எந்தத் தெரு வழியாக வருவது, சவத்தை எந்தப் பாதையில் கொண்டுபோவது என்று தகராறு மூண்டால், தாசில்தார் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கும். இரு தரப்புப் பெரியவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்தத் திருவிழா சிக்கலில்லாமல் முடியும். மறுநாள் ஒரே வகுப்பறைக்குப் போகும் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவது யார்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரையும், தடுக்க வந்த அவருடைய தங்கையையும் உடன் படித்தவர்களே சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறுகளுக்குத் தடை, வகுப்பில் அகரவரிசைப்படி இருக்கை என்று பல பரிந்துரைகள் அதில் உண்டு. கயிற்றை ஓர் உத்தரவால் அவிழ்த்துவிடலாம். அதைக் கட்டத் தூண்டிய மனத்தோடு பேச ஆள் வேண்டும்; அந்த ஆள் முறையாகப் பயிற்சி பெற்றவராகவும் இருக்கவேண்டும்.

அந்தப் பயிற்சி எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். சமூகப்பணி மாணவர்கள் கிராம முகாமுக்குப் போகும்போது, ஊர் மக்களையே கோலப்பொடியால் தரையில் தங்கள் ஊரின் வரைபடத்தைப் போடச் சொல்வார்கள். ஒரு தெருவினர் போடும் படத்தில் கோயில், குளம், டீக்கடை, பஸ் நிறுத்தம் எல்லாம் இருக்கும். இன்னொரு தெருவினரின் படத்தில் கோயிலே இருக்காது. குடிநீர்க் குழாயும் சுடுகாட்டுப் பாதையும் பெரிதாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இரு தெருக்காரர்களையும் சுற்றி நிற்கவைத்து, "இந்த இடம் இதில் ஏன் இல்லை?" என்று கேட்கவேண்டும். அடுத்து வரும் மௌனத்தையும், அதன்பின் எழும் கோபத்தையும் யாரையும் அவமானப்படுத்தாமல் நடத்திச் செல்லவேண்டும். புத்தகம் படித்து மட்டும் இது கைவராது. பேச்சு சாமர்த்தியம் உள்ளவர்களைவிடப் பொறுமையாகக் காதுகொடுத்துக் கேட்பவர்களே இதில் நிலைக்கிறார்கள். உங்கள் மகள் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இனி படிப்பு. என் அழுத்தமான கருத்து, இளங்கலை முடித்த கையோடு அமைதிக் கல்வியில் மட்டும் முதுகலை வாங்கவேண்டாம் என்பதே. 'அமைதிக் கல்வியாளர்' என்ற பெயரில் பணியிட விளம்பரம் அரிதாகவே வரும். முதலில் எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப்பணி முதுகலை அல்லது மூன்றாண்டுச் சட்டப்படிப்பு படிக்கட்டும். எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர்களுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், தொண்டு நிறுவனங்கள் என்று வாசல்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஒப்பந்தப் பணிகள், தொடக்கச் சம்பளமும் குறைவு. இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட நான் விரும்பவில்லை.

சட்டம் படித்தால், தகராறில் உள்ள இரு தரப்பையும் பேசவைத்துத் தாங்களே தீர்வு காண உதவும் சமரசர் ஆகும் வழி திறக்கும். நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் இந்தியாவில் முதன்முதலாக 2005இல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. உச்ச நீதிமன்றத்தின் சமரசக் குழு வகுத்த அடிப்படைப் பயிற்சி 40 மணி நேரம். 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டத்தில், ஒரு பகுதி மக்களின் அமைதியைக் குலைக்கக்கூடிய தகராறுகளை மூவர் கொண்ட குழு பேசித் தீர்க்கும் சமுதாய சமரசத்துக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. இந்தத் துறை வளரும் என்று நான் நம்புவதற்கு அது ஒரு காரணம்.

அமைதிக் கல்வியையே பாடமாகப் படிக்க விரும்பினால், திண்டுக்கல் அருகே காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் காந்தியச் சிந்தனைக்கும் அமைதி அறிவியலுக்கும் ஒரு துறை உண்டு. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராம நிறுவனத்திலிருந்து வளர்ந்தது அது. மாணவர்களுக்கு சாந்தி சேனை, அதாவது அமைதிப் படைப் பயிற்சி தந்த இடம். டெல்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தில் நெல்சன் மண்டேலா பெயரிலான மையம் 2004 முதல் இயங்குகிறது. இந்த ஆண்டு என்னென்ன பாடப்பிரிவுகளில் சேர்க்கை என்பதை அந்தந்தப் பல்கலைக்கழக அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ஆசை இருந்தால் ரோட்டரி அமைதி உதவித்தொகை கல்விக் கட்டணத்தையும் தங்கும் செலவையும் ஏற்கிறது. ஆனால் முதுகலைக்கு விண்ணப்பிக்க மூன்றாண்டுப் பணி அனுபவம் கேட்கிறார்கள். முதலில் களம், பிறகு சிறப்புப் படிப்பு என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீங்கள் சொல்லும் பி.எட்.டும் வீண்போகாது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்துக்காக அமைதிக் கல்வி பற்றித் தனி ஆவணமே தயாரிக்கப்பட்டது. வரலாற்று ஆசிரியையாக இருந்துகொண்டே இந்த வேலையைச் செய்யலாம். சொல்லப்போனால் வரலாற்று வகுப்பைவிடப் பொருத்தமான இடம் குறைவு. ஆனால் அது அவளாக எடுக்கும் முடிவாக இருக்கட்டும்.

பாதுகாப்பு பற்றிய உங்கள் பயத்தை நான் குறைத்து எண்ணவில்லை. எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும் சில கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். களத்துக்கு இருவராக அனுப்புகிறார்களா? இரவு திரும்ப வண்டி ஏற்பாடு உண்டா? பெண்கள் புகார் தர உள்ளகக் குழு இருக்கிறதா? பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருக்கவேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். திட்டத்துக்கான நிதி எத்தனை ஆண்டுக்கு உறுதியாகியிருக்கிறது என்பதையும் தயங்காமல் கேட்கலாம். இவற்றுக்கு முகம் சுளிக்கும் நிறுவனத்தில் அவள் சேரவேண்டாம்.

தேர்வு முடிந்ததும் ஒரு மாதம், உங்கள் மாவட்டத்திலேயே நல்ல பெயருள்ள ஒரு தொண்டு நிறுவனத்தில் தன்னார்வலராக இருந்து பார்க்கட்டும். ஒருநாள் நீங்களும் உடன் போய் அங்கே வேலை செய்யும் பெண்களிடம் பேசுங்கள். அதற்குப் பிறகும் அவள் இதே படிப்பைக் கேட்டால், எம்.எஸ்.டபிள்யூ. விண்ணப்பத்தையும் சட்டக் கல்லூரி விண்ணப்பத்தையும் சேர்த்தே வாங்கிவைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.