கணக்கும் பாலமும் ஒத்துப்போகாதபோது

கேள்வி: இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காகக் கொங்கிரீட் நடைபாலமொன்றைக் கணினியில் மாதிரியாக்கினேன். முதல் இயற்கை மீடிறன் (பாலம் தானாக அதிரும்போது செக்கனுக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது) 5.0 ஹேர்ட்ஸ் என்று கணக்குச் சொல்ல, பாலத்தில் வைத்த ஆர்முடுகல்மானி (அதிர்வை அளக்கும் கருவி) 4.5 என்று காட்டுகிறது. மாதிரியில் கொங்கிரீட்டின் யங்கின் மட்டை (பொருளின் விறைப்பைக் காட்டும் அளவு) குறைத்துவிடலாமா?
– பொறியியல் மாணவி, வெள்ளவத்தை

பதில்: அவசரப்பட வேண்டாம். மீடிறன் விறைப்பின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுவதால், இந்த 10 வீத வித்தியாசத்தை யங்கின் மட்டால் மட்டும் சரிக்கட்டப் போனால் அதை 19 வீதம் குறைக்க வேண்டிவரும். நல்ல கொங்கிரீட்டின் மீது அது சற்றுப் பெரிய பழிதான். மாதிரியில் தாங்கிகளை முற்றிலும் அசையாதவையாக வைத்திருப்பீர்கள் என்பதே என் சந்தேகம். உத்திரம் அமர்ந்திருக்கும் றப்பர்த் தட்டுகள் உண்மையில் நெகிழக்கூடியவை. ஆகவே பாலத்தின் நடுவில் மட்டுமன்றி, தாங்கிக்கு நேர்மேலேயும் ஓர் ஆர்முடுகல்மானியை வைத்து அளந்து பாருங்கள். அங்கும் அசைவு தெரிந்தால், மாற்ற வேண்டியது முதலில் தாங்கியின் விறைப்பையே. கைப்பிடி, தளவோடு ஆகியவற்றின் திணிவைச் சேர்த்தீர்களா என்பதையும் பாருங்கள், பலரும் மறப்பது அதைத்தான். ஒரேயொரு மீடிறனைக் கொண்டு இத்தனை தெரியாக்கணியங்களையும் தீர்மானிக்க முடியாது என்பதால், இரண்டாம், மூன்றாம் மீடிறன்களையும் அவற்றின் அதிர்வு வடிவங்களையும் அளந்தபின் மாதிரியைத் திருத்துங்கள்.