அமெரிக்க உள்நாட்டுப் போர் அடிமை முறைக்காக நடந்ததா, மாநில உரிமைக்காகவா?

அடிமை முறைக்காகத்தான். "தெற்கு மாநிலங்கள் தங்கள் உரிமைக்காகப் பிரிந்தன" என்பதை நானும் பல வருடம் நம்பினேன். 1850-இல் வந்த ஒரு சட்டத்தைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது.

கலிஃபோர்னியா அடிமை முறை இல்லாத மாநிலமாகச் சேர்ந்த அதே சமரசத்தில், தெற்கைச் சமாதானப்படுத்தக் கொடுத்ததுதான் தப்பியோடிய அடிமைகள் சட்டம். வடக்கே ஓடி வந்தவரைப் பிடிக்க உதவும்படி தெருவில் போகிறவரையும் அதிகாரி கட்டாயப்படுத்தலாம். ஒளித்து வைத்தால் 1,000 டாலர் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. பிடிபட்டவருக்கு ஜூரி கிடையாது. தன் சார்பில் சாட்சி சொல்லவும் முடியாது. விசாரிக்கும் ஆணையருக்கு, அவரைத் திருப்பி அனுப்பினால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒரு மனிதனின் விடுதலைக்கு அரைக் கூலி!

இப்போது யோசித்துப் பாருங்கள். வடக்கு மாநிலங்கள் இதற்கு எதிராகத் தங்கள் சட்டங்களை இயற்றின. விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றே சொன்னது. மாநில உரிமை பேசியது வடக்கு. மத்திய அரசின் பலத்தைக் கேட்டது தெற்கு.

அதுவரை வடக்கில் பலருக்கு அடிமை முறை எங்கோ தூரத்துச் சங்கதி. 1854 மே மாதம் அது பாஸ்டன் தெருவுக்கே வந்தது. வர்ஜீனியாவிலிருந்து தப்பி வந்து, அங்கே துணிக்கடையில் வேலை பார்த்த ஆன்டனி பர்ன்ஸ் பிடிபட்டார். அவரை மீட்க ஒரு கூட்டம் நீதிமன்றக் கதவை உடைத்தது. காவலர் ஒருவர் இறந்தார். மீட்க முடியவில்லை. ஜூன் 2-ஆம் தேதி, இருபது வயது இளைஞர் ஒருவரைக் கப்பலேற்ற ராணுவம் அணிவகுத்தது. வழியெங்கும் ஆயிரக்கணக்கான மக்கள். கட்டடங்களில் கறுப்புத் துணி.

ஏமஸ் லாரன்ஸ் என்ற பாஸ்டன் துணி ஆலை முதலாளி, முந்தின இரவு சமரசக்காரர்களாகப் படுத்தவர்கள் காலையில் வெறிபிடித்த அடிமை ஒழிப்பாளர்களாக எழுந்தோம் என்று எழுதினார். அடிமைகள் பறித்த பருத்தியில் ஓடிய தொழில் அவருடையது. அப்படிப்பட்டவரே மாறினார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பர்ன்ஸ் பிடிபட்ட அதே சமயத்தில் கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டமும் நிறைவேறியது. அடிமை முறை வேண்டுமா என்று அந்த மேற்குப் பிரதேசங்களில் குடியேறுபவர்களே முடிவு செய்யலாம் என்றது அது. இதற்கு வடக்கே அடிமை முறை கூடாது என்று 1820-இல் போட்ட மிசோரி எல்லைக்கோடு அத்தோடு போனது. சரி, அப்படியானால் யார் அதிகம் குடியேறுகிறார்களோ அவர்களுக்கே வெற்றி! லாரன்ஸ் பணம் கொடுத்து, அடிமை முறையை எதிர்த்த குடியேறிகளை அனுப்பினார்; அவர் பெயரிலேயே அங்கே ஓர் ஊர் உருவானது. 1856 மே மாதம் அடிமை முறை ஆதரவாளர்கள் அந்த ஊரைச் சூறையாடினார்கள். சில நாளில் ஜான் பிரவுன் என்ற அடிமை ஒழிப்புத் தீவிரவாதியின் ஆட்கள் எதிர்த்தரப்பில் ஐந்து பேரை வெட்டிக் கொன்றார்கள். போர் தொடங்க இன்னும் ஐந்து வருடம் இருந்தது. ஆனால் கான்சஸில் ரத்தம் அப்போதே ஓடிவிட்டது.

அப்புறம் 1857-இல், புதிய பிரதேசங்களில் அடிமை முறையை நாடாளுமன்றம் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன ட்ரெட் ஸ்காட் தீர்ப்பு. 1860-இல், அடிமை முறை பரவுவதை எதிர்த்த லிங்கன் அதிபர் தேர்தலில் வெற்றி. அந்த டிசம்பரில் தென் கரோலினா பிரிந்தபோது வெளியிட்ட அறிக்கையைக் கட்டாயம் படியுங்கள். அதன் முக்கியப் புகார்களில் ஒன்று, வடக்கு மாநிலங்கள் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தரவில்லை என்பது. மிசிசிப்பி இன்னும் வெளிப்படை: எங்கள் நிலை அடிமை முறையோடு முழுவதும் இணைந்தது என்றே எழுதியது.

பர்ன்ஸை 1855-இல் பாஸ்டன்காரர்கள் பணம் திரட்டி விலைக்கு வாங்கி விடுவித்தார்கள். பிறகு அவர் படித்து, கனடாவில் பாதிரியாராகி, 1862-இல் 28 வயதில் இறந்தார். போர் அப்போதும் நடந்துகொண்டிருந்தது.