ஆய்வுக்கு நடுவே தரச் சோதனை மென்பொருளைப் புதுப்பிக்கலாமா?

கடலில் நில அதிர்வு ஆய்வு (ஒலி அலைகளை அனுப்பிக் கடலடிப் பாறைகளை அறியும் ஆய்வு) நடக்கும்போதே தரச் சோதனை மென்பொருளின் புதுப் பதிப்பு வந்துவிட்டது, உடனே நிறுவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், ஆய்வு முடியட்டும்.

கப்பலிலிருந்து வரும் தரவைச் சிங்கப்பூர் அலுவலகத்தில் சரிபார்ப்பதுதான் என் வேலை. தரவில் இரைச்சல் ஒப்பந்த அளவைத் தாண்டினால் அந்தக் கோட்டில், அதாவது அந்த ஆய்வுப் பாதையில், கப்பல் மறுபடி ஓடவேண்டும். கடல் அலையின் இரைச்சல் பெரும்பாலும் 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும். புதுப் பதிப்பில், அதிர்வெண்களைப் பிரிக்கும் வடிகட்டியின் இயல்பு மதிப்பு சற்று மாறினாலே கணக்கு மாறிவிடும். கடல் அதேதான், அளவுகோல்தான் வேறு. நேற்று தேறிய தரவை இன்று தள்ளிவிடுவீர்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் கோப்பு வடிவம். 1975இல் வந்த செக்-ஒய் (SEG-Y) என்ற நில அதிர்வுத் தரவுக் கோப்பு வடிவத்தில், எண்களை ஐபிஎம் முறையில் எழுதினார்கள். 2002 திருத்தத்தில் ஐஇஇஇ (IEEE) என்ற இன்னொரு எண் முறையும் சேர்ந்தது. கோப்பின் தலைப்பகுதியில் குறியீடு 1 என்றால் முன்னது, 5 என்றால் பின்னது. மாற்றிப் படித்தாலும் படம் ஏறக்குறைய ஒழுங்காகவே தெரியும், வீச்சுகள், அதாவது அதிர்வின் வலிமை அளவுகள், மட்டும் தவறாக இருக்கும்.

புதுப்பித்தே ஆகவேண்டுமா? ஏற்கெனவே சரிபார்த்த ஒரு கோட்டை இரண்டு பதிப்பிலும் ஓட்டி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். மிச்சம் வந்தால், காரணம் தெரியும்வரை பழைய பதிப்பை அழிக்காதீர்கள்.