மகள் கேட்கும் ப்ராஜெக்டைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூன்றாம் ஆண்டு ஈசிஇ படிக்கும் உங்கள் மகள், கம்பியில்லா சென்சார் வலையமைப்புகளின் பாதுகாப்பை இறுதியாண்டு ப்ராஜெக்டாக எடுக்க விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் வேலை கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். ப்ராஜெக்டை ஒரு சென்டரில் பணம் கட்டி வாங்கிவிட்டு, மிச்சமாகும் ஆறு மாதத்தில் மென்பொருள் கோர்ஸ் ஒன்றில் சேர்த்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். வாங்கிய ப்ராஜெக்ட் நேர்முகத் தேர்வில் இரண்டாவது கேள்வியைத் தாங்காது. அப்படித் தலைகுனிந்து வந்து என் எதிரே உட்கார்ந்த பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

துறையைப் பற்றிச் சொல்கிறேன். மூணாறில் நிலச்சரிவை முன்கூட்டியே அறிய, அமிர்தா பல்கலைக்கழகம் மலைச்சரிவில் சென்சார்களைப் புதைத்து வைத்திருக்கிறது. மண்ணின் ஈரத்தையும் அசைவையும் அவை ரேடியோ வழியே ஒன்றுக்கொன்று கைமாற்றி அனுப்புகின்றன. அந்தச் செய்தியை யாராவது மாற்றிவிட்டால் ஆபத்து இல்லாத நாளில் ஊர் காலியாகும்; ஆபத்து வரும் நாளில் ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2000-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், மரூச்சி ஷயர் பகுதியின் கழிவுநீர் நிலையங்களுக்கு ஒருவர் காரில் இருந்தபடியே ரேடியோவில் பொய்க் கட்டளைகளை அனுப்பினார். அந்தக் கருவிகளை நிறுவிய நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்தவர் அவர். சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் பாய்ந்தது. 2001-இல் அவருக்கு 2 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. வந்த கட்டளை யாருடையது என்று அந்த நிலையங்கள் சரிபார்க்கவில்லை. உங்கள் மகள் படிக்க விரும்புவது அந்தச் சரிபார்ப்பைத்தான்.

வங்கிக் கணினியில் இதைச் செய்வது எளிது. சென்சாரில் செய்வதுதான் கடினம். ஆய்வுக்கூடங்களில் வெகுகாலம் புழங்கிய டெலோஸ்-பி என்ற சென்சார் மின்சுற்றுப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நினைவகம் 10 கிலோபைட். மின்சாரம் இரண்டு பென்சில் பேட்டரியிலிருந்து வருகிறது. ரேடியோ விழித்துக் கேட்டுக்கொண்டே இருந்தால் ஏறக்குறைய 20 மில்லிஆம்பியர் இழுக்கும். 2,500 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி 125 மணி நேரத்தில், அதாவது ஐந்தே நாளில் தீர்ந்துவிடும். அதனால்தான் இக்கருவிகள் பெரும்பாலும் தூங்குகின்றன. நொடிக்கணக்கில் விழித்துப் பேசிவிட்டு மறுபடி தூங்கி, மாதக்கணக்கில் உயிர் வாழ்கின்றன. எதிரிக்கு இது தெரியும். எதையும் திருட வேண்டியதில்லை. ஓயாமல் குப்பைச் செய்திகளை அனுப்பித் தூங்கவிடாமல் செய்தாலே போதும், ஒரு வாரத்தில் வலையமைப்பு செத்துவிடும். ஒரே கருவி பல பெயர்களில் வேடமிடும் சிபில் தாக்குதல், வருகிற செய்திகளையெல்லாம் தன் பக்கம் இழுத்து விழுங்கும் தாக்குதல் என்று வகைகள் நிறைய உண்டு. அவற்றைப் பாடப்புத்தகமே நன்றாகச் சொல்லிவிடும்.

ஒரு மாணவியின் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் அளவை அனுப்பும் சென்சார் ஒன்றைச் செய்திருந்தார். 'தொட்டி காலி' என்ற செய்தியைப் பதிவு செய்து, தொட்டி நிறைந்திருக்கும்போது மறுபடி அனுப்பிப் பார்த்தார், மோட்டார் ஓடியது. மற்றவர் படிக்க முடியாதபடி செய்தியைக் குறியாக்கம் செய்தார், அப்போதும் ஓடியது, ஏனென்றால் பழைய செய்தியும் உண்மையான செய்திதானே! பிறகு ஒவ்வொரு செய்திக்கும் ஏறுவரிசை எண்ணும், சரிபார்ப்புக் குறியும் சேர்த்தார். ஏமாற்று நின்றது. பேட்டரி மாற்றிய அன்று எண் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க, செய்தியைப் பெறும் கருவி நிஜச் செய்தியையே நிராகரித்தது. எண்ணை ஒவ்வொரு முறையும் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதினால் அது தேய்ந்துபோகும். ஆகவே ஐந்நூறுக்கு ஒருமுறை எழுதி, மறுபடி உயிர்பெறும்போது ஐந்நூறு எண் தாண்டித் தொடங்கவைத்தார். இதெல்லாம் தேதி போட்டு, அடித்துத் திருத்திய பக்கங்களில் இருந்தது. நேர்முகத் தேர்வில் அந்தப் பக்கங்களைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார்கள் என்று பிறகு வந்து சொன்னார்.

வேலைக்கு வருகிறேன். 'சென்சார் வலையமைப்புப் பாதுகாப்புப் பொறியாளர்' என்ற பெயரில் விளம்பரம் தேடினால் கிடைப்பது அரிது. எம்பெடட் (கருவிக்குள் பொதிந்த கணினி), ஃபர்ம்வேர் (அந்தக் கருவியை இயக்கும் மென்பொருள்), ஐஓடி (இணையத்தோடு இணைந்த கருவிகள்) பாதுகாப்பு, வாகன சைபர் பாதுகாப்பு என்ற பெயர்களில் தேடச் சொல்லுங்கள். காரின் டயர் காற்றழுத்தத்தைச் சொல்லும் சென்சாரும் கம்பியில்லாததுதான். 2010-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 40 மீட்டர் தூரத்திலிருந்து அதன் செய்தியைப் படித்ததோடு, ஓட்டுநருக்குப் பொய் எச்சரிக்கையும் காட்டினார்கள். வாகனப் பாதுகாப்புக்கென 2021-இல் ஐஎஸ்ஓ/எஸ்ஏஇ 21434 என்ற தரநிலையே வந்துவிட்டது. கார்த் தொழிற்சாலைகள் சூழ்ந்த சென்னையில் இது தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு. முதல் வேலை பெரும்பாலும் ஃபர்ம்வேர் எழுதுவதாகவோ சோதிப்பதாகவோ இருக்கும். பாதுகாப்புப் பணி அதன் வழியாகத்தான் வரும். அந்த இரண்டு மூன்று ஆண்டுப் பொறுமை வீட்டிலுள்ள உங்களுக்கும் வேண்டும். ஆராய்ச்சியில் ஆசை இருந்தால் கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். போகலாம், சென்னை தரமணியில் உள்ள செட்ஸ் என்ற சைபர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவிப்புகளையும் கவனிக்கட்டும்.

இப்போது சி என்ற நிரல் மொழியும், மைக்ரோகண்ட்ரோலர் என்ற சின்னக் கணினிச் சில்லு ஒன்றும் கைக்குப் பழகட்டும். சென்சார் கருவிகளுக்கான இயங்குதளமான கான்டிகி-என்ஜியும், அதனுடன் வரும் கூஜா என்ற சிமுலேட்டரும் இலவசம். பலகை வாங்கும் முன்பே நூறு சென்சார்களைத் திரையில் ஓட விடலாம். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் இணைய வகுப்புகளில் சென்சார் வலையமைப்புகள் பற்றிய வகுப்பும் இருக்கிறது. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: சோதனை எல்லாம் தன்னுடைய பலகைகளில் மட்டுமே. கல்லூரியின் வைஃபையோ பக்கத்து வீட்டுக் கருவியோ வேண்டாம். அனுமதியின்றி நேர்மையற்ற நோக்கத்தோடு அடுத்தவர் அமைப்பில் கை வைத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

சென்டருக்கென்று எடுத்து வைத்த பணத்தில் ஒரு பகுதிக்கே மூன்று நான்கு பலகைகளும் ஒரு மல்டிமீட்டரும் வந்துவிடும். வாங்கிக் கொடுங்கள், ஒரு கெட்டி அட்டை நோட்டும் சேர்த்து. தேர்வு விடுமுறையில் என்னைப் பார்க்க வரும்போது மதிப்பெண் பட்டியலோடு அந்த நோட்டையும் அவர் கொண்டு வரட்டும்.