எந்தப் பச்சை சரியான பச்சை?

போன இதழில், ‘தி மேட்ரிக்ஸ்’ படத்தின் 1999 டிவிடி ஒன்று இன்னும் என் அலமாரியில் நல்லபடியாக ஓடுகிறது என்று நாலு வரி எழுதியிருந்தேன். மண்டபம் ஊரில் கேசட் கடை வைத்திருந்த காலத்துச் சரக்கு அது. அந்த நாலு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை, அதுவும் பெரும்பாலும் நம் கரையோரத்து ஊர்களிலிருந்தே. படம் பார்க்காதவர்களுக்காக ஒரு வரி: நாம் வாழ்கிற உலகமே கணினி நம் மூளைக்குள் ஓட்டிக்காட்டுகிற மெய்நிகர் உலகம், நிஜத்தில் மனிதர்கள் இயந்திரங்களின் தொட்டிகளில் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு இளைஞன் கண்டுபிடிக்கிற அறிவியல் புனைவு சண்டைப் படம். இந்த இதழ் முழுக்க அதுதான்.

என்னிடம் பழைய டிவிடியும் இருக்கிறது, பிறகு வாங்கிய ப்ளூரேயும் இருக்கிறது. ப்ளூரேயில் எல்லார் முகமும் பாசி பிடித்த மாதிரி பச்சையாகத் தெரிகிறது. டிவி கெட்டுவிட்டதா?
ஒரு வாசகர், பாம்பன்

டிவியை ரிப்பேருக்குக் கொடுத்துவிடாதீர்கள், அதில் கோளாறு ஒன்றும் இல்லை. மாறியது படம்தான்.

இந்தப் படத்தில் பொய் உலகத்துக் காட்சிகளுக்குப் பச்சைச் சாயல், நிஜ உலகத்துக் காட்சிகளுக்கு நீலச் சாயல் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். 1999-இல் அந்தப் பச்சை, செட்டின் சுவர், உடை, விளக்கு, லேபில் பிரிண்ட் போடும்போது செய்த திருத்தம் எல்லாம் சேர்ந்து அடக்கமாக வந்த பச்சை. 2003-இல் அடுத்த இரண்டு பாகங்கள் வந்தன, அவற்றில் பச்சை தூக்கல். 2004-இல் எல்லாவற்றையும் பத்து டிஸ்க்காக ஒரே பெட்டியில் போட்டபோது முதல் பாகத்தையும் அவற்றோடு ஒத்துப்போகிற மாதிரி பச்சையாக்கிவிட்டார்கள். 2008-இல் வந்த ப்ளூரே அந்த வழியில் வந்ததுதான், உங்களிடம் இருப்பதும் அதுவாகத்தான் இருக்கும். அப்புறம் 2018-இல் ப்ளூரேயைவிடவும் கூர்மையான 4கே டிஸ்க் வந்தபோது மூல நெகட்டிவிலிருந்து புதிதாக ஸ்கேன் எடுத்தார்கள், படத்தின் ஒளிப்பதிவாளர் பில் போப்பே மேற்பார்வை பார்த்தார், பச்சை மறுபடி அடங்கியது.

கதாநாயகன் அலுவலகத்தில் தன் தடுப்புக்குள் உட்கார்ந்திருக்கிற காட்சியை இரண்டு டிஸ்க்கிலும் போட்டு, அப்படியே நிறுத்தி, சட்டைக் காலரை மட்டும் பாருங்கள். டிவிடியில் அது கொஞ்சம் சோர்ந்த வெள்ளை. ப்ளூரேயில் வெள்ளை என்ற ஒன்றே இல்லை.

என் கட்சி எது என்று கேட்டால், 1999-இன் பச்சைதான். காரணம் எளிது. முதல் தடவை படம் பார்க்கிறவருக்கு அது பொய் உலகம் என்று தெரியக்கூடாது. ‘ஏதோ சரியில்லையே’ என்று மட்டும் தோன்ற வேண்டும், எது என்று விரல் வைத்துச் சொல்ல முடியக்கூடாது. எடுத்த எடுப்பிலேயே பச்சையைக் கொட்டிவிட்டால் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை, எல்லாம் தெரிந்த பிறகு பார்க்கிற மாதிரி ஆகிவிடுகிறது. பாலத்து மேல் நின்று பார்த்துப் பழகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வடகடலும் தென்கடலும் ஒரே நாளில் ஒரே பச்சையில் இருப்பதில்லை, அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தானே காற்று எங்கே திரும்பியிருக்கிறது, எங்கே கலங்கியிருக்கிறது என்று பேசிக்கொள்கிறோம்.

ஆகவே டிவிடியைத் தூக்கிப் போடாதீர்கள். கூர்மை குறைவுதான், ஆனால் வீட்டில் முதன்முதலாக இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதி தாண்டிய முதல் டிவிடியும் இதுவே. டிவியின் பட அமைப்பில் (பிக்சர் மோடு) ‘விவிட்’ என்று இருப்பதை மட்டும் ‘சினிமா’ என்று மாற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள்.

வாப்பா சவுதியில் இருந்தப்போ வாங்கி வந்த டிவிடி, இங்கே உள்ள பிளேயரில் போட்டால் ஏரியா தப்பு என்று வருகிறது. அட்டையில் 130 நிமிடம் என்று போட்டிருக்கிறது, ஆனால் படம் 136 நிமிடம் என்கிறார்கள். ஆறு நிமிடத்தை வெட்டிவிட்டார்களா காக்கா?
ஒரு வாசகர், கீழக்கரை

வெட்டவில்லை தம்பி, படம் முழுசாக இருக்கிறது. சினிமா நொடிக்கு 24 பிரேம் ஓடுவது. ‘பால்’ (PAL) என்கிற ஒளிபரப்பு முறை டிவிக்கு 25 வேண்டும். அதனால் அந்த டிஸ்க்கைத் தயார் செய்யும்போது படத்தையே லேசாக வேகப்படுத்திவிடுவார்கள், நூற்றுக்கு நாலு பங்கு. 136-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்துப் பாருங்கள், 130 சொச்சம் வரும். குரல்களும் ஒரு மயிரிழை ஏறி ஒலிக்கும், சங்கீதக் காது உள்ளவர்களுக்குப் பிடிபடும்.

ஏரியா விஷயம்: டிவிடிக்கு உலகத்தைப் பங்கு போட்டு எண் கொடுத்திருந்தார்கள். வளைகுடா நாடுகள் 2, இந்தியா 5. உங்கள் ஊரில் அந்த நாளில் சபர் (வெளிநாட்டுப் பயணம்) போய் வந்தவர்கள் பெட்டியில் டிஸ்க் இல்லாமல் வந்ததில்லை, அதனால் இந்தத் தொல்லை கீழக்கரைக்குப் புதிதும் இல்லை. கணினியின் டிவிடி டிரைவில் போட்டுப் பார்க்கலாம், அதில் ஏரியாவை ஐந்து தடவைதான் மாற்ற விடும், ஐந்தாவதோடு அப்படியே நின்றுவிடும், யோசித்துச் செய்யுங்கள். 4கே டிஸ்க்குக்கு இந்தப் பங்கு பிரிப்பு கிடையாது.

மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுகிறது. காசு கொடுத்து வாங்கிய டிவியில் முக்கால் பாகத்தில்தான் படமா?
ஒரு வாசகி, தங்கச்சிமடம்

ஆமாம் அம்மா, கிட்டத்தட்ட முக்கால்தான். படம் தியேட்டர் திரைக்கு ஏற்ற அகலத்தில் இருக்கிறது, டிவி அவ்வளவு அகலம் இல்லை. பட்டையை ஒழிக்க ஜூம் பண்ணினால் இடமும் வலமும் சேர்த்துக் கால் பங்கு படம் போய்விடும். பட்டை இருக்கட்டும்.

மனிதர்களை பேட்டரியாக வைத்து இயந்திரங்கள் கரண்ட் எடுக்கின்றன என்கிறது படம். இது நடக்கிற காரியமா? வகுப்பில் பெரிய சண்டையே நடந்தது.
ஒரு கல்லூரி மாணவி, தொண்டி

நடக்காது. சண்டையில் நீங்கள் எந்தப் பக்கம் என்று எழுதவில்லை, இருந்தாலும் கணக்கைத் தருகிறேன். ஒரு ஆள் நாளைக்கு 2000 கிலோ கலோரி சாப்பிடுகிறார் என்றால், அதை 24 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் சுமார் 100 வாட் வரும். பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிற அளவு, அதுவும் வெறும் உடம்புச் சூடாக. நம் மாவட்டத்தில் கமுதியில் இருக்கிற சூரிய மின் நிலையத்தின் திறன் 648 மெகாவாட். அந்த அளவை எட்ட, ஒரு துளிகூட வீணாகாமல் மின்சாரமாக மாற்ற முடிந்தாலும்கூட, 65 லட்சம் பேரைத் தொட்டியில் படுக்கவைக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மொத்த ஜனமே பதிமூன்றரை லட்சம்தான். அத்தனை பேருக்கும் சோறு ஊட்ட வேண்டும், அந்தச் சோற்றை அடுப்பில் போட்டு எரித்தாலே அதைவிட அதிகம் கிடைக்கும்.

படத்தில் வானத்தையே மறைத்துவிட்டார்கள், வெயில் கிடையாது, அதனால்தான் இந்த வழி என்று ஒரு காரணம் சொல்கிறார்கள். கதைக்கு அது போதும். வகுப்பில் பேசும்போது மட்டும் கமுதியைச் சொல்லுங்கள்.

பத்து வயசிலிருந்து கடலுக்குப் போகிறேன், கச்சான் காற்றிலும் எனக்கு ஒருநாள் குமட்டியதில்லை. மச்சான் வாங்கி வந்த விஆர் (மெய்நிகர் உலகம் காட்டுகிற) கண்ணாடியை மாட்டி மூணு நிமிடத்தில் வாந்தி எடுத்துவிட்டேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஏன் அண்ணே இப்படி?
ஒரு வாசகர், மூக்கையூர்

சிரித்தவர்களை உட்காரவைத்து இதைப் படித்துக்காட்டுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நம் காதுக்கு உள்ளே, கேட்பதற்கான பகுதிக்குப் பக்கத்திலேயே, திரவம் நிறைந்த மூன்று வளைந்த குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பினால், சாய்ந்தால் அந்தத் திரவம் அசைந்து மூளைக்குச் சேதி போகும். கண் ஒரு சேதி சொல்ல, காது வேறு சேதி சொன்னால் மூளை குழம்புகிறது, வயிறு புரட்டுகிறது. படகில் புதிதாக வருகிறவன் உள்ளே குனிந்து வலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணுக்கு எல்லாம் அசையாமல் இருக்கிறது, காதோ ஆடுகிறது ஆடுகிறது என்கிறது. அதனால்தான் அவனை நிமிர்ந்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்கிறோம், கண்ணும் காதும் ஒத்துப்போய்விடும். உங்கள் உடம்பு அந்த ஆட்டத்தை எப்போதோ படித்து முடித்துவிட்டது.

கண்ணாடிக்குள் நடப்பது அப்படியே தலைகீழ். கண் ஓடுகிறது, பறக்கிறது, காது நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறாய் என்கிறது. இது நீங்கள் படிக்காத பாடம். கடலில் பழகியது இதற்குக் கை கொடுக்காது, கண்ணாடியில் பழகிய டவுன் பையனுக்கு உங்கள் வள்ளத்தில் கை கொடுக்காதது மாதிரி. ஐந்து நிமிடம், உட்கார்ந்தபடி, நீங்களாகத் தலையைத் திருப்பிப் பார்க்கிற காட்சிகளை மட்டும் போடுங்கள். உங்களை அது நகர்த்திக்கொண்டு போகிற கார், விமானம் எல்லாம் அப்புறம். தலை லேசாகக் கனத்தாலே கழற்றிவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

தலையில் மாட்டிப் பார்க்கிற இந்தச் சமாசாரத்தை 1968-இலேயே ஐவன் சதர்லேண்ட் என்பவர் செய்துகாட்டினார், கனம் தாங்காமல் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. இன்றைய கண்ணாடி கையளவு, ஆனாலும் அது கண்ணைத்தான் ஏமாற்றுகிறது, உள்காதை விட்டுவிடுகிறது. ‘தி மேட்ரிக்ஸ்’ கதையில் கண்ணாடியே கிடையாது, பிடரியில் கம்பியைச் செருகிவிடுகிறார்கள். சேதி நேரே மூளைக்குப் போவதால் கண், காது எல்லாம் ஒரே பொய்யைச் சொல்கின்றன. அதனால் அங்கே யாருக்கும் குமட்டல் இல்லை. கதாநாயகன் வாந்தி எடுப்பது நிஜ உலகத்துக்கு வந்து, உண்மை என்ன என்று கேட்ட பிறகு. எழுதியவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

உப்புக் காற்றில் டிஸ்க்குகளை எப்படிக் காப்பாற்றுவது?
ஒரு வாசகர், ஏர்வாடி

டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடுகள் இரண்டு ஒட்டியது, நடுவில் வெள்ளி மாதிரிப் பளபளப்பது மெல்லிய உலோகப் படலம். ஓரத்து ஒட்டு விட்டுப்போனால் ஈரம் உள்ளே ஏறி அந்தப் படலத்தை அரிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை டிஸ்க்கை டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தாலோ, ஓரத்தில் காப்பிக் கறை மாதிரி இறங்கியிருந்தாலோ உடனே கணினியில் நகல் எடுத்துவிடுங்கள். படுக்கவைத்து அடுக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள். மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில், செருப்பு டப்பாவோடு வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைப் போட்டு வையுங்கள், கடலைப் பார்த்த ஜன்னல் பக்கம் வேண்டாம். துடைப்பது நடுவிலிருந்து வெளியே நேராக, வட்டமாக அல்ல. வீடியோ கேசட் வைத்திருப்பவர்கள் அதன் கண்ணாடி வழியே டேப்பைப் பாருங்கள், வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடவே போடாதீர்கள், மற்ற கேசட்டுக்கும் தொற்றிவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும். ‘தி மேட்ரிக்ஸ்’ டிவிடியில் ஒரு வசதி உண்டு, படம் ஓடும்போது திரையில் ஒரு வெள்ளை முயல் வரும், ரிமோட்டில் என்டர் அழுத்தினால் அந்தக் காட்சியை எப்படி எடுத்தார்கள் என்று காட்டிவிட்டுத் திரும்பவும் படத்துக்கு வரும். அந்தக் காலத்துப் பிளேயர்கள் சிலவற்றுக்கு இந்த டிஸ்க் ஒத்துக்கொள்ளாமல் பாதியில் நின்றுவிடும். கடைக்குத் திரும்பி வந்த இரண்டு நல்ல டிஸ்க்குகளை நான் பழுது என்று நினைத்து உடைத்துப் போட்டேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது. உங்களுடையது நின்றால் முதலில் வேறு பிளேயரில் போட்டுப் பாருங்கள்.

தோட்டா பறக்கும்போது எல்லாம் உறைந்து, கேமரா மட்டும் ஆளைச் சுற்றி வருகிறதே, அதைப் பற்றி என் மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். வயது பதினொன்று. படத்தைக் காட்டலாமா?
ஒரு தாய், தேவிபட்டினம்

படம் இப்போது வேண்டாம் அம்மா. சுடுவதும் சாவதும் நிறைய, அமெரிக்காவிலேயே பெரியவர் துணையோடுதான் பிள்ளைகள் பார்க்கலாம் என்று சான்றிதழ் கொடுத்த படம். நாலைந்து வருஷம் போகட்டும். ஆனால் அந்த வித்தையை அவனையே செய்ய வைக்கலாம்.

படத்தில் அங்கே கேமரா நகரவே இல்லை. ஆளைச் சுற்றி சுமார் 120 ஸ்டில் கேமராக்களை வளைவாக நிறுத்தி, கணினி வழியாக ஒன்றன்பின் ஒன்றாக இமைக்கும் நேரத்துக்குள் கிளிக் செய்தார்கள். அந்தப் படங்களை வரிசையாக ஓட்டி, இடைவெளியைக் கணினியில் நிரப்பினார்கள்.

உங்களுக்குப் பத்து போன் போதும், தெருப் பிள்ளைகளின் வீட்டுப் போன்களைச் சேர்த்தால் கிடைத்துவிடும். கரையேற்றி வைத்த வள்ளத்தின் அணியத்திலிருந்து (முன்முனையிலிருந்து) ஒருவன் மணலில் குதிக்கட்டும். அவன் குதிக்கிற இடத்தை நடுவாக வைத்து, கயிறு பிடித்து அரைவட்டம் போட்டு, பத்துப் பேரும் ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் போனைக் கம்பில் கட்டி நிறுத்துங்கள். எல்லாரும் வீடியோ ஓடவிட்ட பிறகு நடுவில் நின்று ஒருவர் ஓங்கி ஒரு கைதட்டல், உடனே குதி. அந்தக் கைதட்டல் சத்தத்தை அடையாளமாக வைத்து, பத்து வீடியோவிலும் பையன் ஆக உயரத்தில் இருக்கிற அதே நொடியைப் படமாக எடுத்து, வரிசையாக ஓட்டுங்கள், ஒரு நொடிக்குப் பத்து. சாயங்காலம் நாலரை மணி வெயில் நல்லது, அலையில் போன் விழாமல் யாராவது பெரியவர் கூட இருங்கள். முதல் தடவை சரியாக வராது, இரண்டாம் தடவையில் வந்துவிடும். வந்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், அடுத்த இதழில் அந்தப் பத்துப் படத்தையும் வரிசையாகப் போடுகிறேன்.